எஃப்355-ஆ, என்எஸ்எக்ஸா? பழைய வண்டி இரண்டில் ஒன்று

வாசகர் கேள்வி: 4 மார்ச் 2023

லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறேன். வயது 51. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். கல்லூரி விடுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை இன்னும் போகவில்லை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1996 ஃபெராரி எஃப்355 பெர்லினெட்டா (மூடிய கூரை உள்ளது), மேனுவல் கியர், 29,000 மைல் ஓடியது. மற்றொன்று 1992 ஹோண்டா என்எஸ்எக்ஸ், அதுவும் மேனுவல், 71,000 மைல். ஃபெராரிக்கு இருபதாயிரம் பவுண்டு கூடுதலாகக் கேட்கிறார்கள். "என்ன இருந்தாலும் ஹோண்டா ஹோண்டாதான், ஃபெராரி ஃபெராரிதான்" என்கிறார் என் மைத்துனர். நீங்கள் இரண்டையும் வைத்திருந்தவர் என்று அறிந்தேன். எதை வாங்கலாம்?

குறிப்பு 1: 5 மார்ச் 2023

1995 எஃப்355 ஒன்றை 2009 முதல் 2014 வரை வைத்திருந்தேன். 2015 முதல் என் கொட்டகையில் நிற்பது 1991 என்எஸ்எக்ஸ். உங்கள் மைத்துனர் சொன்னதற்குப் பிறகு வருகிறேன். ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டப் போகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

எஃப்355 நாட்காட்டியைப் பார்த்துப் பணம் கேட்கும் வண்டி. என்எஸ்எக்ஸ் மைல் கணக்கைப் பார்த்துக் கேட்கும் வண்டி. ஃபெராரியின் வி8 எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். வண்டி ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றிவிட வேண்டும் என்பது நடைமுறை. ஐந்து ஆண்டுகள் வரை இழுத்துப் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே போய்விடும் என்பதால் அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. பெல்ட்டின் விலை பெரிதல்ல. எஞ்சினின் பெல்ட் முனை இருக்கைகளுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி நிற்கிறது; அந்த இடுக்கில் கை நுழையாது. ஆகவே எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தாங்கும் பின்சட்டகத்தோடு மொத்தத்தையும் கழற்றிக் கீழே இறக்கித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கூலிதான் செலவு.

என்எஸ்எக்ஸில் வி6 எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது. பெல்ட் முனை பின்சக்கரத்தின் பக்கம் திரும்பியிருப்பதால், சக்கரத்தையும் அதன் உள்வளைவுத் தட்டையும் கழற்றினால் வேலை செய்ய இடம் கிடைத்துவிடுகிறது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும். கெடுவும் ஆறேழு ஆண்டு.

குறிப்பு 2: 5 மார்ச் 2023, இரவு

ஆண்டுக்கு 1,500 மைல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கணக்கு இது. 2012-இல் என் எஃப்355-க்கு பெல்ட் வேலையும், எஞ்சின் வெளியே இருக்கும்போதே செய்துவிடலாம் என்று சேர்த்துக்கொண்ட குழாய்களும் பெல்ட் ஓடும் உருளைகளுமாக நான் கட்டிய தொகை 3,900 பவுண்டு. மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஓட்டப்போவது 4,500 மைல். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மைலுக்கு ஏறத்தாழ 87 பென்ஸ். 2018-இல் என்எஸ்எக்ஸுக்கு பெல்ட், தண்ணீர் பம்ப், குளிர்நீர்க் குழாய்கள் எல்லாம் சேர்த்து 1,900 பவுண்டு ஆனது. ஏழு ஆண்டுகளில் 10,500 மைல் என்று வைத்தால் மைலுக்கு 18 பென்ஸ். பெட்ரோலும் டயரும் இதில் இல்லை.

குறிப்பு 3: 7 மார்ச் 2023

உங்களுக்குத் தனியாக எழுதிய மறுமொழியில் "டைட்டானியம் கனெக்டிங் ராடு என்எஸ்எக்ஸில் மட்டும்தான்" என்று எழுதிவிட்டேன். அது தவறு. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் அந்தக் கம்பிகள் எஃப்355-இலும் டைட்டானியம்தான். அதைத் தொடர் உற்பத்திக் காரில் முதலில் கொண்டுவந்தது என்எஸ்எக்ஸ் என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும்.

இதைத் திருத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இரண்டு வண்டிகளும் எதிரெதிர்த் துருவங்கள் என்று பேசுகிறவர்கள், அவற்றுக்குள் இருக்கும் உறவைக் கவனிப்பதில்லை. ஹோண்டா இந்த வண்டியை வடிவமைக்கத் தொடங்கியபோது கண்முன் வைத்திருந்தது ஃபெராரி 328. என்எஸ்எக்ஸ் 1990-இல் விற்பனைக்கு வந்தபோது எதிரே நின்றது ஃபெராரி 348. 1991-இல் ஃபெராரியின் தலைமைக்கு வந்த லூக்கா டி மோன்டெசெமோலோ, தாம் சொந்தமாக வாங்கி ஓட்டிய 348 தமக்கு ஏமாற்றம் தந்ததை வெளிப்படையாகவே சொன்னவர். 1994-இல் வந்த எஃப்355 அந்த ஏமாற்றத்துக்கான பதில். ஒன்று இல்லாமல் மற்றொன்று இந்த உருவில் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

குறிப்பு 4: 12 மார்ச் 2023

எஃப்355-இன் நோய்களைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று சொல்கிறேன். மற்றவை இவற்றுக்கு அடுத்தபடிதான்.

முதலாவது வால்வ் கைடு. பெயரில் உள்ள கடைசி 5 என்பது ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள் என்பதைக் குறிக்கிறது. எட்டு சிலிண்டர், நாற்பது வால்வு, ஒவ்வொன்றும் ஏறி இறங்க ஒரு கைடு. தொடக்க கால வண்டிகளில் இந்தக் கைடுகளை வெண்கலக் கலவையில் செய்தார்கள். அவை எதிர்பார்த்ததைவிட விரைவில் தேய்ந்தன. பின்னர் எஃகுக்கு மாறினார்கள். தேய்ந்த கைடுள்ள எஞ்சின் எண்ணெய் குடிக்கும். ஒரு சரிவில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கி, அடியில் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை வரும். கைடு மாற்றுவதென்றால் சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டையும் கழற்ற வேண்டும். அந்த ரசீது பெல்ட் வேலையின் ரசீதைப் பல மடங்கு தாண்டும்.

இரண்டாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையைத் திரட்டி வெளியேற்றும் குழாய்த்தொகுதி. மெல்லிய எஃகுக் குழாய்களுக்கு மேல் வெப்பத் தடுப்பு உறை போர்த்தியிருக்கும். வெடிப்பு உறைக்குள் விழும், கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் எழுப்பினால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டிக், டிக் என்று ஊசியால் தகரத்தைத் தட்டுவதுபோல் ஓசை வரும். நாலைந்து நிமிடத்தில் உலோகம் சூடேறி விரிந்து வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளும், ஓசை நின்றுவிடும். வாங்க வருபவர் வந்து சேர்வதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு விற்றவர் மேனிஃபோல்டு புதிது என்றார். புதிது என்பது உண்மை, ஆனால் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் எட்டு மாதத்தில் வெடித்தது. ரசீதில் எண்ணிக்கை என்ன என்று பார்க்காதது நான் செய்த பிழை. நீங்கள் பாருங்கள்.

மூன்றாவது சிறியது, ஆனால் தினமும் கைபடுவது. கதவு, ஏசி, ஜன்னல் பொத்தான்களின் மேல் பூசியிருந்த மென்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசினாக உருகுகிறது. ஜன்னலை இறக்கிவிட்டு விரலைப் பார்த்தால் நகக்கண்ணில் கறுப்பு மை ஒட்டியிருக்கும். அதை வழித்துச் சுத்தம் செய்து மறுபூச்சுச் செய்பவர்கள் இருக்கிறார்கள், செலவும் அதிகமில்லை. விற்பனைப் படங்களில் பொத்தான்கள் பளபளவென்று ஈரம்போல் மின்னினால் வேலை இன்னும் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இவை தவிர, டாஷ்போர்டில் "வேகத்தைக் குறை" என்று ஒரு விளக்கு எரியும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாவதைச் சொல்லும் விளக்கு அது. பல வேளைகளில் கோளாறு கன்வர்ட்டரில் இருக்காது, வெப்பத்தை அளக்கும் கருவியிலேயே இருக்கும். என்றாலும் விற்பவர் "அது எல்லா 355-இலும் எரியும்" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். கருவியை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

குறிப்பு 5: 19 மார்ச் 2023

இப்போது என்எஸ்எக்ஸ். அதற்கு நோயே கிடையாது என்று பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. உண்மையல்ல.

நீங்கள் பார்த்திருப்பது 1992 வண்டி என்பதால் முதலில் கியர்ப்பெட்டி. 1991, 1992 ஆண்டுகளில் வந்த ஐந்து கியர்ப் பெட்டிகளில் ஒரு குறிப்பிட்ட தொகுதியில், தண்டின் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உட்காரும் பள்ளத்தைச் சற்று அகலமாக வெட்டிவிட்டார்கள். அகலப் பள்ளத்தில் வளையம் ஆடும். ஆடி ஆடி ஒரு நாள் உடையும். உடைந்தால் தண்டு நகர்ந்து பெட்டியின் உறையையே பிளந்துவிடும். எல்லாப் பெட்டிகளும் உடைந்ததில்லை, லட்சம் மைல் தாண்டி ஓடுபவையும் உண்டு. எந்தத் தொகுதி என்பதைப் பெட்டியின் மேல் பொறித்திருக்கும் வரிசை எண் சொல்லிவிடும். அந்த எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது மின்னணுப் பலகைகள். ஏசியைக் கட்டுப்படுத்தும் பலகையிலும் ஒலிபெருக்கிகளின் ஆம்ப்ளிஃபயரிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் முப்பது ஆண்டுகளில் கசிகின்றன. என் வண்டியில் 2016 கோடையில் ஏசி தானாகவே சூடான காற்றை ஊதத் தொடங்கியது. பலகையைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தபோது அடித்த வாடையை இன்னும் மறக்கவில்லை. நாள்பட்ட மீன் வாடை. கசிந்த திரவம் தாமிரத் தடங்களைப் பச்சை பூக்க அரித்திருந்தது. எட்டுப் பவுண்டுக்குக் கெப்பாசிட்டர்கள் வாங்கி, ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் உட்கார்ந்து பற்றவைத்தேன். இன்று வரை ஓடுகிறது. அதே வேலைக்கு வெளியில் சில நூறு பவுண்டு கேட்பார்கள், அதுவும் நியாயமான கூலிதான்.

ஜன்னல் கண்ணாடி மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். தூக்கியின் உள்ளே இருக்கும் சிறு பாகம் தளர்வதுதான் காரணம், சரிசெய்யலாம்.

டயரைப் பற்றி நான் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும், குறிப்பு 2-இல் விட்டுவிட்டேன். தொடக்க கால என்எஸ்எக்ஸில் பின்சக்கரங்கள் இரண்டும் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும்படி அமைத்தார்கள். அதிவேகத்தில் வண்டி நேராக நிற்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் பின்டயர்களின் உள்விளிம்பு சில ஆயிரம் மைல்களிலேயே தேய்ந்து போனது. பிற்பாடு ஹோண்டாவே அந்த அளவைக் குறைத்தது. உங்கள் வண்டியில் எந்த அளவு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முன்னே 15 அங்குலமும் பின்னே 16 அங்குலமுமான பழைய சக்கரங்களுக்கு நல்ல டயர் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகி வருகிறது. எஃப்355-க்கு நான்கும் 18 அங்குலம், அந்தத் தொல்லை குறைவு. என் 18 பென்ஸ் கணக்கில் டயரைச் சேர்த்தால் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும். மறையாது.

குறிப்பு 6: 20 மார்ச் 2023

வண்டியைப் பிறகு இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதான காரை அங்கே இறக்குமதி செய்ய விதி இடம் தருவதில்லை. சென்னை வீட்டு வாசலை மறந்துவிடுங்கள்.

குறிப்பு 7: 14 மே 2023

இரண்டு மாதமாக நான் எழுதியதெல்லாம் செலவும் நோயும். மைத்துனரின் வாதத்துக்குப் பதில் சொல்லவே இல்லை என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். நேற்று ஒரு நண்பரின் எஃப்355-ஐ ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகையால் இப்போது எழுதலாம்.

நண்பர் சாவியைக் கொடுத்தபோது முதல் மைல் என் கை தானாகவே முதல் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போனது. கியர் எண்ணெய் சூடேறும் வரை இரண்டாம் கியர் விழ மறுக்கும். அதை வற்புறுத்தக் கூடாது. அந்தப் பழக்கம் உடம்பிலேயே இருந்திருக்கிறது. எண்ணெய் சூடான பிறகு வெட்டுவாய்களுள்ள உலோகத் தகட்டில் கியர்த்தண்டு பட்டு எழுப்பும் அந்த "கிளிக்" ஓசையும், பெடல்கள் வண்டியின் நடுப்பக்கமாக ஒதுங்கியிருப்பதால் இடுப்பைச் சற்றுத் திருப்பி உட்கார வேண்டியிருப்பதும், எல்லாம் நேற்று விட்டுப்போனது போலவே இருந்தன. நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் அந்த எஞ்சின் எழுப்பும் குரலுக்கு நிகராக என்எஸ்எக்ஸில் ஒன்றும் இல்லை. அதை ஒளிக்க மாட்டேன். கிராங்க் தண்டு தட்டையாக, 180 டிகிரிக் கோணத்தில் அமைந்த வி8 அது. அமெரிக்க வி8-களின் உறுமலுக்குப் பதிலாக, இரண்டு நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் ஒரே சுருதியில் ஏறுவது போல் கேட்கும். 3.5 லிட்டரில் 380 குதிரைத்திறன், அதுவும் 8,250 சுற்றில். அங்கே போய்ச் சேரும் வரை காலை எடுக்க மனம் வரவில்லை.

என்எஸ்எக்ஸில் 3 லிட்டருக்கு 274 குதிரைத்திறன். நூறு குதிரை குறைவு. ஆனால் 5,800 சுற்றில் வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும்போது, இருக்கைகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துவாரத்திலிருந்து எழும் ஓசை, உலோகத் தாளைக் கிழிப்பது போல், 8,000 வரை போகிறது. 1992 மேனுவல் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வண்டி நிறுத்துமிடத்தில் கை வலிக்கும். சாலையில் 40 மைல் வேகத்துக்கு மேல் போனால் தார் எங்கே முடிந்து கான்கிரீட் எங்கே தொடங்குகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். முன்கண்ணாடி தாழ்ந்து அகன்றிருப்பதால் சாலை காலடியிலிருந்தே தொடங்குவதுபோல் இருக்கும். எஃப்-16 போர் விமானத்தின் ஓட்டுநர் அறையைப் பார்த்து அந்த அமைப்பை எடுத்தோம் என்று ஹோண்டா சொன்னது மிகையில்லை என்பதை முதல் வளைவிலேயே உணர்வீர்கள்.

"ஹோண்டா ஹோண்டாதான்" என்பதற்கு என் பதில் இரண்டு பெயர்கள். 1989 பிப்ரவரியில் சுசுகா பந்தயத் தடத்தில் அயர்டன் சென்னா இதன் முன்மாதிரியை ஓட்டினார். கட்டமைப்பு சற்று வலுக்குறைவாகத் தோன்றுகிறது என்று சொன்னார். அதன் பிறகு பொறியாளர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மாதக்கணக்கில் தங்கி, அந்த அலுமினிய உடற்கூட்டின் விறைப்பை ஏறத்தாழ 50 விழுக்காடு கூட்டினார்கள். இரண்டாவது பெயர் கார்டன் மர்ரி. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர். சாலையில் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் ஃபெராரி அல்ல, என்எஸ்எக்ஸ். சொந்தமாகவும் ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் நேற்று அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நான் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு மனம் கனத்தது என்பதையும் சொல்லுங்கள்.

குறிப்பு 8: 2 ஜூன் 2023

ஒரு விஷயம், இரண்டு வண்டிக்கும் பொது. லண்டனின் மாசுக் கட்டண வளையம் இந்த ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பகுதிகளுக்கும் விரிகிறது. ஹாரோவும் உள்ளே வருகிறது. தொண்ணூறுகளின் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் தேறாது. வாசலை விட்டு எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. உங்கள் வண்டி எண்ணைப் போட்டு நகரப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி வருவதற்காக அரை மணி நேரம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, எடுத்தால் ஒரு நாள் முழுவதும் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டால், பழைய எஞ்சினுக்கும் அதுதான் நல்லது.

குறிப்பு 9: 18 ஜூன் 2023

இரண்டு வண்டிகளின் எண்களையும் அனுப்பியதற்கு நன்றி. ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி. பதிவுகளை அரசுத் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஞாயிறு மதியம் முழுவதும் இரண்டையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தேன்.

ஃபெராரியின் மைல் கணக்கு 2013-இல் 28,140. 2014-இல் 28,190. பிறகு 28,215, 28,310 என்று ஊர்ந்து இன்று 29,000. பத்து ஆண்டுகளில் எண்ணூற்றுச் சொச்சம் மைல். இந்தக் கணக்கைத்தான் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், கூடுதலாகக் கேட்கும் இருபதாயிரத்தில் பெரும்பங்கு இதற்காகத்தான். எனக்கு இதைக் கண்டால் அச்சமாக இருக்கிறது. ஓடாத எஞ்சினில் எண்ணெய் வடிந்து கேம்கள் உலர்ந்து நிற்கும். ரப்பர் சீல்கள் சுருங்கும். பெட்ரோல் கெட்டுத் தொட்டியில் படியும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். அந்தப் பத்து ஆண்டுகளில் பெல்ட் மாற்றிய ரசீது எத்தனை? நீங்கள் அனுப்பிய கோப்பில் ஒன்றுதான், 2017.

என்எஸ்எக்ஸ் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று தவறாமல் ஓடியிருக்கிறது. 2019-இல் முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயிண்ட் தேய்வு என்று சோதனையாளர் எச்சரித்திருக்கிறார். அடுத்த ஆண்டுப் பதிவில் அந்த எச்சரிக்கை இல்லை. எனவே இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இப்படி ஒரு குறை தோன்றி மறையும் பதிவை நான் குறையே இல்லாத பதிவைவிட அதிகம் நம்புகிறேன்.

இதோடு குறிப்பு 1-ஐயும் திருத்த வேண்டும். என்எஸ்எக்ஸ் மைல் கணக்கைப் பார்த்துப் பணம் கேட்கும் என்று எழுதினேன். அது வண்டி இளமையாக இருந்தபோது சரி. முப்பது வயதான பிறகு குளிர்நீர்க் குழாய், கெப்பாசிட்டர், கதவு ரப்பர் எல்லாமே நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. வேறுபாடு என்னவென்றால், என்எஸ்எக்ஸில் அந்த வேலைகளை ஒவ்வொன்றாக, வண்டியைப் பிரிக்காமல் செய்யலாம்.

குறிப்பு 10: 9 ஜூலை 2023

பரிசோதனைக்கு ஆள் அமர்த்தும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள். ஃபெராரிக்கு லீக்-டவுன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி எத்தனை விழுக்காடு கசிகிறது என்று அளப்பது. எட்டு எண்களும் தனித்தனியாக வேண்டும், "நன்றாக உள்ளது" என்ற சொல் போதாது. என்எஸ்எக்ஸுக்கு உடற்கூட்டைப் பார்க்க வேண்டும். முன்மூடியைத் திறந்து, உதிரிச் சக்கரத்தை வெளியே எடுத்துவிட்டு, அதன் அடியில் உள்ள அலுமினியத் தளத்தில் சுருக்கமோ புதிய பற்றவைப்போ தெரிகிறதா என்று விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியத்தை எஃகுபோல் தட்டி நிமிர்த்த முடியாது. எஃகு வேலைக்குப் பயன்படுத்திய அரத்தையே அலுமினியத்தில் போட்டால் எஃகுத் துகள் அதில் ஏறி, பெயின்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கிவிடும். தெரியாத கை தொட்ட என்எஸ்எக்ஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

குறிப்பு 11: 6 ஆகஸ்ட் 2023

அறிக்கைகளைப் படித்தேன். ஃபெராரியில் ஏழு சிலிண்டர்கள் 6 முதல் 9 விழுக்காட்டுக்குள். ஆறாவது சிலிண்டர் மட்டும் 23 விழுக்காடு. காற்று வெளியேறும் ஓசை எக்ஸாஸ்ட் பக்கம் கேட்டதாக எழுதியிருக்கிறார். அப்படியானால் வெளியேற்று வால்வு சரியாக உட்காரவில்லை. ஹெட் கழற்றும் வேலை. விற்பவர் "ஓட்டினால் சரியாகிவிடும்" என்கிறாராம். ஓட்டிச் சரிசெய்து, மறுபடி அளந்து காட்டட்டும், அதன் பிறகு பேசலாம்.

என்எஸ்எக்ஸின் கியர்ப்பெட்டி எண் சிக்கலான தொகுதிக்குள்தான் வருகிறது. வளையம் இதுவரை மாற்றியதாகப் பதிவு இல்லை. உடற்கூடு சுத்தம், முன்தளத்தில் சுருக்கம் இல்லை. பெல்ட் 2020.

நீங்கள் கேட்டது எதை வாங்கலாம் என்று. இந்த இரண்டில் என்எஸ்எக்ஸைத்தான் வாங்கச் சொல்வேன். கியர்ப்பெட்டியைக் கழற்றித் திறந்து, வளையமும் உறையும் மாற்றி, அதே கையோடு கிளட்சும் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை ஒரு பட்டறையில் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கும் வரை நெடுஞ்சாலையில் தொலைதூரம் போக வேண்டாம்.

ஃபெராரிதான் வேண்டும் என்று மனம் சொன்னால் அதையும் தடுக்க மாட்டேன். மே மாதக் குறிப்பை எழுதியவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் இந்த வண்டி வேண்டாம். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் மைல் ஓடிய, கைடு மாற்றிய ரசீதும் இரண்டு பக்க மேனிஃபோல்டு ரசீதும் உள்ள ஓர் எஃப்355 இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஆண்டுக்கு 1,500 மைல் என்பதையும் அப்போது மூவாயிரமாக உயர்த்திக்கொள்ளுங்கள்.

குறிப்பு 12: 7 செப்டம்பர் 2023

என்எஸ்எக்ஸின் விலையில் 4,500 பவுண்டு குறைத்துவிட்டார்கள் என்பது நல்ல செய்தி. சனிக்கிழமை நானும் வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு வருகிறோம், அதற்கு முன் எஞ்சினை எழுப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சின் மூடியைக் கையால் தொட்டுப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் மற்றதைப் பேசலாம்.